மூன்று அரசர் முனையில் மான் கூட்டம்

கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குக் கடைசியாக வந்து சேருகிறவர்கள் கீழ்த்திசை ஞானிகள். நம் பங்குகள் சிலவற்றில் அவர்களுடைய சுரூபங்களை ஒட்டகங்களோடு சற்றுத் தொலைவில் நிறுத்தி வைத்திருந்து, சனவரி 6-ஆம் நாள் தொழுவத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். திருக்காட்சித் திருநாள் என்று நாம் இன்று அழைப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் 'மூன்று இராசாக்கள் திருநாள்' என்றே சொல்லுவார்கள். அத்திருநாளின் பெயரைத் தாங்கிய ஒரு நிலமுனை பசிபிக் மாகடலின் கரையில் உண்டு என்பது வாசகர் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

1602-ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டிலிருந்து புறப்பட்ட செபஸ்தியான் விஸ்கையினோ என்னும் ஸ்பானிய மாலுமி, கலிபோர்னியக் கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்றார். அவருடைய பயணத்தில் கர்மேல் சபைத் துறவியர் மூவரும் உடன் இருந்தனர். 1603 சனவரியில், மூன்று அரசர் திருநாளை ஒட்டி, கடலுக்குள் நீண்டு கிடந்த ஒரு முனையைக் கண்டு, அதற்கு 'அரசர்களின் முனை' என்று பெயர் சூட்டினார்கள். இன்று உலகம் அதனைப் பாயின்ட் ரேயஸ் என்று அழைக்கிறது. அதற்குத் தென்கிழக்கே சுமார் 30 மைல் தொலைவில் உள்ள மாநகரம் சான் பிரான்சிஸ்கோ. அசிசியின் புனித பிரான்சிசின் பெயரைக் கொண்டது. தொழுவத்தைத் தேடி வந்த அரசர்களின் பெயரும், விலங்குகளை உடன்பிறப்புகளாகக் கருதிய ஏழைத் துறவியின் பெயரும் இவ்வாறு அண்டையில் அமைந்துவிட்டன. இவ்விரு பெயர்களுக்கும் நடுவே ஒரு மான் இனம் பட்ட பாட்டையும், அதைக் காக்க முனைந்த மனிதர்கள் கற்றுக்கொண்ட பாடத்தையும் இம்மாதம் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கடலருகே மேயும் மான்கள்

பாயின்ட் ரேயஸ் தீபகற்பத்தின் வடகோடி டொமாலிஸ் முனை எனப்படும். மேற்கே பசிபிக் மாகடல். கிழக்கே டொமாலிஸ் குடா என்னும் நீண்டு குறுகிய கடற்கால். இரண்டுக்கும் நடுவே ஒரு முதுகெலும்பைப் போல ஓடும் புல்மேடு, முனையில் சென்று கடலோடு முடிகிறது. கோடைக் காலத்தில் கடலிலிருந்து எழும் மூடுபனி அம்மேட்டை அடிக்கடி மூடிக்கொள்ளும். பனி சற்று விலகும்போது, புல்வெளியில் பழுப்பு உடலும் கருத்த கழுத்தும் கொண்ட மான்கள் இருபது முப்பதாகக் கூடி மேய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். அவற்றின் பின்னணியில் அலைகள் பாறையில் மோதிச் சிதறும். காட்டின் ஆழத்திலே காணவேண்டிய விலங்கைக் கடற்கரையில் காண்பது வியப்பான காட்சியே. இதற்காகவே ஆண்டுதோறும் பல்லாயிரவர் அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்து செல்கிறார்கள்.

சூலை முதல் அக்டோபர் வரை அவற்றின் இணைசேரும் காலம். அப்போது கிளைத்த கொம்புகளையுடைய ஆண் மான் தலையை உயர்த்தி எழுப்பும் குரல், இத்துணைப் பெரிய விலங்கின் தொண்டையிலிருந்தா வருகிறது என்று கேட்கும்படி, ஊதுகுழலைப்போல மெல்லியதாகத் தொடங்கி உச்சத்திற்கு ஏறும். பெண் மான்களைத் தன்னைச் சுற்றிக் கூட்டி வைத்துக்கொண்டு, வேற்று ஆண்களை அது விரட்டியடிக்கும். குளிர்காலத்தின் இறுதியில் கொம்புகள் உதிர்ந்துவிடும். பின்னர்ப் புதியன முளைத்து வளரும். இளவேனிலில் புள்ளிகளோடு கன்றுகள் பிறக்கும். முதல் சில நாட்கள் தாய் தன் கன்றைப் புதரில் மறைத்து வைத்துவிட்டு மேயச் செல்லும்.

'எல்க்' என்று அழைக்கப்படும் இம்மானின் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் அப்பெயர் தட்டையான கொம்புடைய வேறொரு மானைக் குறிக்கும். இலங்கை மலைநாட்டிலும் தென்னிந்திய மலைகளிலும் வேட்டையாடிய ஆங்கிலேயத் துரைமார், நம் கடமானையே, அதாவது நெல்லை குமரி மக்கள் மிளா என்று சொல்லும் மானையே, 'எல்க்' என்று எழுதி வைத்தார்கள். நாம் இங்கே பேசுவது அவ்விரண்டையும் அன்று. இது வட அமெரிக்க எல்க் மான்களுள் உருவில் மிகச் சிறியது. கலிபோர்னியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. 'டூலி எல்க்' என்பது அதன் பெயர். டூலி என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைக் கோரை. ஆகவே நாம் இதனைக் 'கோரைமான்' என்றே அழைப்போம்.

ஐந்து இலட்சத்திலிருந்து ஒரு சிறு மந்தை

ஐரோப்பியர் குடியேறுமுன் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் கோரைமான்கள் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1579-இல் ஆங்கில மாலுமி பிரான்சிஸ் டிரேக் தம் கப்பலைச் செப்பனிடத் தங்கிய இடம் பாயின்ட் ரேயஸ் கரையே என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். கொழுத்த பெரிய மான்கள் அங்கே ஆயிரக்கணக்கில் மந்தையாகத் திரிந்தன என்று அவருடைய குழுவினர் குறித்து வைத்துள்ளனர். அந்நிலத்தின் பழங்குடியினரான கடலோர மீவோக் மக்கள் பன்னெடுங்காலமாக அம்மான்களோடு வாழ்ந்து வந்தவர்கள்.

1848-இல் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டே உலகின் நாற்றிசையிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு இறைச்சி வேண்டியிருந்தது. தோலும் கொழுப்பும் விலைபோயின. துப்பாக்கி ஒருபுறம் மான்களைத் தின்றது. கலப்பையும் கால்நடையும் மறுபுறம் அவற்றின் நிலத்தைத் தின்றன. சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டு வயல்களாயின. 1873-இல் எல்க் வேட்டையைத் தடைசெய்து கலிபோர்னியச் சட்டமன்றம் ஆணை பிறப்பித்தபோது, காப்பாற்றுவதற்கு இனி ஒரு மானும் இல்லை என்றே பலரும் எண்ணினார்கள்.

ஆனால் இறைவனின் பராமரிப்பு சில வேளைகளில் நாம் எதிர்பாராத மனிதர் வழியாகச் செயல்படுகிறது. 1874-ஆம் ஆண்டளவில், மாநிலத்தின் தெற்கே பட்டன்வில்லோ என்னும் ஊருக்கருகில், கோரை மண்டிய ஒரு சதுப்பு நிலத்தை வடிக்க வேலையாட்கள் முற்பட்டபோது, உள்ளே ஒளிந்திருந்த ஒரு சிறு மான் கூட்டம் கண்ணில் பட்டது. ஒரே ஒரு சோடிதான் எஞ்சியிருந்தது என்று சொல்வாரும் உண்டு. அந்நிலத்தின் உரிமையாளர் ஹென்றி மில்லர். செருமனியிலிருந்து ஏழைக் கசாப்புக்காரராக வந்து, மாபெரும் கால்நடை வேந்தராக உயர்ந்தவர். மான்களின் மேய்ச்சல் நிலத்தைப் பறித்ததில் அவரைப் போன்றோரின் மாட்டு மந்தைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. அவரே தம் நிலத்தில் இருந்த இம்மான்களை ஒருவரும் தொடக்கூடாது என்று ஆணையிட்டார். இன்று கலிபோர்னியாவில் உலவும் கோரைமான்கள் எல்லாம் அந்தச் சிறு மந்தையின் வழிவந்தவையே.

பத்து மான்கள் வீடு திரும்பின

மான்கள் பெருகியபோது அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. 1933-இல் சில மான்கள் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே அவை பெருகவே, கால்நடை வளர்ப்போர் முறையிட, எண்ணிக்கையைக் குறைக்க வேட்டைக்கு அனுமதி தரப்பட்டது. இதனைக் கண்டு மனம் பொறாத பியூலா எட்மிஸ்டன் என்னும் லாஸ் ஏஞ்சலிஸ் பெண்மணி, 1960-ஆம் ஆண்டுகளில் ஒரு குழுவை அமைத்துப் பல்லாண்டு போராடினார். அதன் பயனாக 1971-இல் ஒரு சட்டம் பிறந்தது. மாநிலத்தில் கோரைமான்களின் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டும் வரை வேட்டை கூடாது என்பது அதன் கட்டளை. 1976-இல் நடுவண் அரசும் தன் நிலங்களை இம்மான்களுக்குத் தர இசைந்தது.

பாயின்ட் ரேயஸ் பகுதி 1962-இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தால் தேசியக் கடற்கரைப் பூங்காவாக ஆக்கப்பட்டிருந்தது. 1978-இல் இரண்டு ஆண், எட்டுப் பெண் ஆகப் பத்து மான்கள் டொமாலிஸ் முனையில் கொண்டுவந்து விடப்பட்டன. நூறாண்டுக்கு மேலாக மான் குரல் கேளாதிருந்த அக்கடற்கரை மீண்டும் அதைக் கேட்டது. இருபது ஆண்டுகளில் பத்து மான்கள் நானூறைத் தாண்டின. 1999-இல் அவற்றுள் 28 மான்கள் தெற்கே லிமன்டூர் என்னும் இடத்தில் வேலியின்றி விடப்பட்டன. அங்கிருந்து சில நடந்து சென்று டிரேக்ஸ் கடற்கரையில் இன்னொரு கூட்டத்தை ஏற்படுத்திக்கொண்டன.

வேலிக்குள் வறட்சி

இதுவரை கூறியது மகிழ்ச்சியான கதை. இனிக் கூறவேண்டியது வேறு.

டொமாலிஸ் முனையில் விடப்பட்ட மான்கள் தெற்கே உள்ள பால்பண்ணைகளுக்குள் புகாதிருக்க, கடலிலிருந்து குடா வரை குறுக்காகச் சுமார் 2 மைல் நீளத்திற்கு 8 அடி உயரக் கம்பிவேலி போடப்பட்டிருந்தது. மூன்று புறமும் உப்புநீர்; நான்காம் புறம் கம்பி. உள்ளே சுமார் 2,600 ஏக்கர் நிலம். மழை பெய்யும் ஆண்டுகளில் அது போதுமான இடமாகவே தோன்றியது. பழைய பண்ணைக் காலத்தில் மாடுகளுக்காக வெட்டப்பட்ட குட்டைகளில் நீர் நின்றது.

பின்பு வானம் பொய்த்தது. 2012 முதல் 2014 வரையிலான வறட்சியில், வேலிக்குள் இருந்த மான்களின் எண்ணிக்கை 540-இலிருந்து 286 ஆகக் குறைந்தது. ஓரளவு தேறி 445 ஆனபோது, 2020-இல் மீண்டும் வறட்சி. அவ்வோர் ஆண்டில் மட்டும் 152 மான்கள் குறைந்தன. அடுத்த ஆண்டு மேலும் 72 குறைந்து, 221 எஞ்சின. குட்டைகள் சேறாகி வெடித்தன. நடைபாதையில் சென்றவர்கள் மான்களின் உடல்களைக் கண்டு கலங்கினார்கள். சிலர் தாங்களே தண்ணீர் சுமந்து சென்றார்கள்.

மான்கள் தாகத்தால் மடிந்தன என்றனர் ஒரு சாரார். தாகத்தாலன்று, வறட்சியில் புல்லின் சத்துக் குறைந்ததாலேயே மடிந்தன என்று விளக்கினர் பூங்காத் துறையினர். நீர் தேடியோ புல் தேடியோ தெற்கே நடந்து செல்ல வழியிருந்தால் அவற்றுள் பல பிழைத்திருக்கக்கூடும் என்பதை மறுப்பது அரிது. ஏனெனில் வேலிக்கு வெளியே திரிந்த இரு கூட்டங்களும் 2020-இல் அவ்வாறு சரியவில்லை. வழக்குத் தொடுக்கப்பட்டது. 2021-இல் துறையினர் வேலிக்குள் நீர்த்தொட்டிகளை வைத்தார்கள்.

நீரோடையை நாடும் மானை, ஆண்டவரைத் தேடும் ஆன்மாவுக்கு உவமையாகத் திருப்பாடல் ஆசிரியர் பாடியதை நாம் எத்தனையோ முறை பாடியிருக்கிறோம். அந்த மானுக்கு ஓடையை நோக்கி ஓடக் கால்களாவது இருந்தன, ஓடவும் வழியிருந்தது. டொமாலிஸ் முனை மானோ, கண்முன்னே எல்லையற்ற கடல் விரிந்து கிடக்க, நாவை நனைக்க நல்ல நீருக்கும் பசியாறப் பசும்புல்லுக்கும் வேலியோரம் நடந்து நடந்து திரும்பிற்று. அதனை அங்கே நிறுத்தியவர்கள் பகைவர்கள் அல்லர். அதனைக் காக்க விரும்பியவர்களே.

வேலிக்கு மறுபுறம்

வேலிக்கு அப்பால் இருந்தவர்களையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1850-ஆம் ஆண்டுகளிலிருந்தே அத்தீபகற்பத்தில் பால்பண்ணைகள் நடந்துவந்தன. அங்கே கடைந்த வெண்ணெய் கப்பலேறிச் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றது. அயர்லாந்திலிருந்தும், போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும், சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியிலிருந்தும் வந்த ஏழைக் குடும்பங்கள் அப்பண்ணைகளில் உழைத்தன. செபமாலையைத் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த மக்கள் அவர்கள். பூங்கா அமைந்தபோது நிலத்தை அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆயினும் குறிப்பிட்ட காலத்திற்குத் தொழிலைத் தொடரப் பண்ணையாளருக்கு இசைவு தரப்பட்டது. பாட்டன் பூட்டன் காலத்துப் பட்டியைத் தம் பிள்ளைக்கு விட்டுச்செல்ல நினைத்த அவர்கள், தங்கள் புல்லை மான் தின்பதைக் கண்டு கசந்ததில் வியப்பில்லை. அக்கால்நடைகளின் சாணம் ஓடைகளைக் கெடுக்கிறது என்று மறுதரப்பினர் கூறியதிலும் உண்மை இருந்தது.

2021-இல் அரசு வகுத்த திட்டம் டிரேக்ஸ் கடற்கரைக் கூட்டத்தை 140-க்கு மிகாமல் வைத்திருக்க மான்களைச் சுடவும் இடமளித்தது. எதிர்ப்பு வலுத்தது, 2022-இல் மூன்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. நெடுங்காலப் பேச்சுக்குப் பின், 2024 டிசம்பர் 2-ஆம் நாள், டொமாலிஸ் முனை வேலியை அகற்றுவதென முடிவு அறிவிக்கப்பட்டு, அம்மாதமே பணியும் தொடங்கிற்று. 2025 சனவரி 8-ஆம் நாள், அதாவது மூன்று அரசர் திருநாளுக்கு இரண்டு நாட்களுக்குப் பின், பண்ணைகள் பற்றிய உடன்படிக்கையும் வெளியாயிற்று. 14 பண்ணைகளுள் 12 பண்ணைகள் இழப்பீடு பெற்றுக்கொண்டு 15 மாதங்களுக்குள் விலகுவது என்பது அதன் சாரம். நிலத்தைப் பேணும் பொறுப்பில் மீவோக் மக்களின் வழித்தோன்றல்களான கிராட்டன் ரஞ்சேரியா பழங்குடியினரும் பூங்காத் துறையோடு பங்குகொள்கிறார்கள்.

மான்களுக்கு வழி திறந்தது. ஆனால் அப்பண்ணைகளில் மாடு கறந்து, அங்கேயே குடியிருந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்த கூலித் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. அவர்களுள் மிகுதியானோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பண்ணையாளர் இழப்பீடு பெறலாம். கூலியாளுக்கு வேலையும் வீடும் ஒன்றாகப் போகும். வாடகை மிகுந்த அந்த வட்டாரத்தில் அவர்கள் எங்கே செல்வது? மான் விடுதலையைக் கொண்டாடியவர்களுள் மனச்சான்று உள்ளோர் இக்கேள்வியையும் கேட்டார்கள்.

அரை இரக்கமும் முழு இரக்கமும்

விடுதலைப் பயண நூலின் 23-ஆம் அதிகாரத்தில், நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடும் ஒரு சட்டம் உண்டு. ஆறு ஆண்டுகள் பயிரிட்டபின் ஏழாம் ஆண்டு நிலத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ண வேண்டும். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ண வேண்டும் என்பது அதன் பொருள். ஏழையையும் காட்டு விலங்கையும் ஒரே கட்டளையில் இறைவன் சேர்த்து வைத்திருப்பதைப் பாருங்கள். ஒருவருக்கு இரங்க மற்றவரை மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலும், பூமியின் முறையீட்டையும் ஏழைகளின் முறையீட்டையும் பிரிக்காமல் கேட்க நமக்குக் கற்பித்தது. அவர் தமக்குத் தெரிந்தெடுத்துக்கொண்ட பெயர் அசிசியின் ஏழையின் பெயர் என்பதை நாம் மறக்கலாகாது.

பாயின்ட் ரேயஸ் தரும் பாடம் இதுதான் என்று நாம் எண்ணுகிறோம்: அடைத்து வைப்பது வேறு, காப்பது வேறு. பத்து மான்களைக் கொண்டுவந்து விட்டது இரக்கமே. ஆனால் வழியை அடைத்துவிட்டு, வானம் பொய்த்த நாளில் வாளாவிருந்தால், அவ்விரக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. எவரை நாம் அடைத்து வைக்கிறோமோ, அவருடைய பசிக்கும் தாகத்திற்கும் அன்றே நாம் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள் ஆகிறோம். தானே தேடிக்கொள்ளும் உரிமையை எடுத்துக்கொண்டவர், தேடிக்கொடுக்கும் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது கடல்கடந்த நாட்டின் செய்தி மட்டுமன்று. நம் வீட்டுக் கொல்லையில் முளையில் கட்டிய ஆடு கோடை நண்பகலில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? அதன் கலத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே நாம் திருப்பலிக்குப் புறப்படவேண்டும்? இன்னும் சொல்லப்போனால், "வெளியே போகாதீர்கள் அம்மா, விழுந்துவிடுவீர்கள்" என்று வயது முதிர்ந்த தாயை ஓர் அறையில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு நாம் வேலைக்குப் போகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். மாலையில் திரும்பும்போது, பகலெல்லாம் அவர் பேச ஓர் ஆள் இருந்ததா, எட்டும் தூரத்தில் ஒரு செம்பு நீர் இருந்ததா என்று கேட்கிறோமா?

இன்று கலிபோர்னியாவில் 5,000-க்கும் மேற்பட்ட கோரைமான்கள் வாழ்கின்றன. சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்த ஒரு சிறு கூட்டத்திலிருந்து இத்தனை தலைமுறைகளை எழுப்பிய இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். அடுத்த திருக்காட்சித் திருநாளில், குடிலருகே அரசர்களின் சுரூபங்களைக் கொண்டுவந்து வைக்கும்போது, அவர்களுடைய பெயரைத் தாங்கிய அந்தத் தொலைதூர முனையையும் அதன் மான்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். சொல்லி முடித்தபின், நம் வீட்டில் யாருக்கேனும் தாகமாக இருக்கிறதா என்று ஒருமுறை எழுந்து சென்று பார்த்துவிட்டு வருவோம்.